சொறி நோட்டு

9 பிப்ரவரி 1959, திங்கள். பாம்பன்.

காலையில் பனி. எட்டு மணிக்கு மேல் நல்ல வெயில். வாடைக் காற்று ஓய்ந்து கடல் தட்டாகக் கிடக்கிறது.

இன்றைய வேலை: அலமாரிச் சாவி ஒப்படைக்க. மருந்துப் பட்டியல் சரிபார்க்க. திரைச்சீலை துவைக்கப் போட. கமுதிக்குத் தம்பிக்குக் கடிதம் (எழுதவில்லை).

புது டாக்டர் பத்தரை வண்டியில் வந்து இறங்கினாள். வசந்தா, எம்.பி.பி.எஸ். வயது இருபத்தெட்டு. மெட்ராஸில் இரண்டு வருஷம் ஆராய்ச்சிச் சாலையில் இருந்தவளாம். இன்று முதல் இந்த மருந்தகம் அவள் பொறுப்பு. எனக்கு வயது நாற்பத்திரண்டு, இங்கே வந்து பதினோரு வருஷம். ஆனால் எல்.எம்.பி. எங்கள் நாலு வருஷப் படிப்பு இப்போது படிப்பிலேயே சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

பெரிய நாற்காலியைக் காட்டி, நீங்களே உட்காருங்கள், எனக்கு இது போதும் என்று முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் வேண்டாம் என்றேன். உட்கார்ந்திருக்கலாம். ஏன் வேண்டாம் என்றேன்?

சாமான்கள்: ஒரு டிரங்குப் பெட்டி, மைக்ராஸ்கோப் பெட்டி, கூண்டில் வெள்ளை எலிகள். கூண்டைச் சாமி விக்கிரகம் மாதிரித் தூக்கி வந்தவர் கம்பவுண்டர் இருளப்பன். மதியத்துக்குள் நோயாளிகளிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார், பெரிய டாக்டரம்மா உள்ள இருக்காங்க, சின்ன டாக்டரம்மா இங்கன இருக்காங்க என்று. நாற்பத்திரண்டு வயதில் நான் சின்ன டாக்டரம்மா.

இனி இதில் வ. என்றே எழுதுவேன். முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.

10 பிப்ரவரி, செவ்வாய்.

வெளி நோயாளிகள் கூட்டம். பாதிப் பேர் வ.வைப் பார்க்க வந்தவர்கள்தான், நோய் ஒன்றும் இல்லை. வயிற்று வலிக்காரி ஒருத்தி என்னைத் தாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டே நாக்கை நீட்டினாள்.

சாயங்காலம் வ. கடலில் இறங்கினாளாம். நான் பதினோரு வருஷத்தில் கால் நனைத்ததில்லை. கமுதிக்காரிக்குக் கடலில் என்ன வேலை. போனவளுக்குக் கணுக்காலில் சொறி, அதுதான் ஜெல்லி மீன், பட்டுவிட்டது. கண்ணாடித் துண்டு மாதிரி மிதந்து வரும், கீழே நூல் நூலாகத் தொங்கும், பட்ட இடம் தீப்பட்டது போல எரியும். சிவப்பாக ஒரு கோடு. அதைக் காட்டிச் சிரிக்கிறாள். நானும் சிரித்தேன், வேறு காரணத்துக்காக.

அப்போது இருளப்பன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. என்னைக் காட்டி, சொறி பட்டு வந்தவர்களைப் பற்றி எங்க அம்மா ஒரு நோட்டே போட்டு வச்சிருக்காங்க என்றார். வ.வின் முகம் விளக்குப் போட்டது போல ஆயிற்று. பார்க்கலாமா என்று கேட்டாள். அது கமுதியில் தம்பி வீட்டில் இருக்கிறது, கரையான் தின்றிருக்கும் என்றேன்.

நோட்டு என் பெட்டியில், உள்பாவாடைகளுக்கு அடியில்.

12 பிப்ரவரி, வியாழன்.

அரிசி தீர்ந்தது. மண்ணெண்ணெய் வாங்க.

ஏன் பொய் சொன்னேன் என்று எழுதிப் பார்க்கிறேன். அந்த நோட்டு ஒன்றுதான் நானாகச் செய்தது. யாரும் சொல்லிச் செய்ததில்லை. வருஷா வருஷம் கீழக்கரையிலிருந்து சங்கு குளிக்க வருகிறவர்கள், வலை இழுக்கிறவர்கள், சொறி பட்டு யார் வந்தாலும் பெயர், வயது, எங்கே பட்டது, எத்தனை நேரத்தில் என்ன ஆயிற்று, எல்லாம் எழுதி வைத்தேன். அதில் ஒன்று கண்டேன். முதல் தடவை பட்டால் எரிச்சல்தான், பட்ட இடத்தோடு சரி. சிலருக்கு மட்டும் இரண்டாவது தடவை வேறு மாதிரி. காலில் பட்டால் முகம் வீங்குகிறது. உடம்பெல்லாம் தடிப்பு. மூச்சு இழுப்பு. விஷம் அதேதான், ஆளும் அதே ஆள்தான். முதல் தடவையில் உடம்பு எதையோ தயார் பண்ணி வைத்துக்கொள்கிறது.

இதை வ.விடம் கொடுத்தால் இரண்டு மாதத்தில் மெட்ராஸில் அச்சில் வரும். அவள் பெயரில். நான் அடியில் பொடி எழுத்தில் நன்றியாக வருவேன்.

அவள் கையெழுத்துக்கூட அழகு. டாக்டருக்கு அப்படி எழுத்து இருக்கக் கூடாது.

13 பிப்ரவரி, வெள்ளி.

ஜும்மா நாள், கடலுக்குப் போக மாட்டார்கள். அதனால் காலையிலேயே சங்கு குளிக்கிறவர்கள் எல்லோரும் உடம்பு பார்த்துச் சீட்டு வாங்க வந்தார்கள். திங்கள் முதல் குளிப்பு. இத்தனை வருஷம் நான் பார்த்தது. இன்று வ. பார்த்தாள், நான் பக்கத்தில் பெயர் எழுதினேன்.

காது, நெஞ்சு, கண். ஒவ்வொருவரிடமும் பழைய நோய் ஏதும் உண்டா என்று கேட்டாள்.

சீனி முகமது வந்தான். முப்பத்திரண்டு வயது. போன வருஷம் இதே மாதம் சொறி பட்டு இரண்டாவது தடவையாக என்னிடம் வந்தவன். கண் மூடிப்போகும் அளவுக்கு வீக்கம், லேசான இழுப்பு. ஊசி போட்டு உட்கார வைத்து, இனி குளிக்காதே என்று சொல்லி அனுப்பினேன். நோட்டில் கடைசிக்கு முந்தின பக்கம், சிவப்பு மையால் அடிக்கோடு.

வ. கேட்டாள். அவன் அவளுக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். ஒன்றும் இல்லீங்க என்றான்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள். நோட்டு வெளியே வரும்.

தகுதி என்று அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். என்ன ஆகிவிடும், எல்லாருக்குமா தினமும் சொறி படுகிறது.

14 பிப்ரவரி, சனி.

வ. கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். ஜன்னலோரம் வைத்திருக்கிறாள், நான் துணி மடிக்கும் மேஜையில்.

எலியின் வயிற்றுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு, நீலச் சாயம் ஏற்றியது. ரத்தக் குழாய் ஓரமாக உருண்டை உருண்டையாகச் செல்கள், உள்ளே ஊதாப் பொடி அடைத்துக் கிடக்கிறது. மாஸ்ட் செல். படிக்கிற காலத்தில் பெயரோடு ஒரு வரி கேட்டது, அவ்வளவுதான். எதற்கு இருக்கிறது என்று அப்போது வாத்தியாருக்கும் தெரியாது. அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் இந்தப் பொடியில்தான் கட்டிக் கிடக்கிறது என்று இப்போது கண்டுபிடித்திருக்கிறார்களாம்.

அடுத்த கண்ணாடித் துண்டு. அதே சவ்வு, மேலே சொறியை அரைத்து வடித்த தண்ணீர் ஒரு சொட்டு. செல்கள் வாய் பிளந்து பொடி வெளியே சிதறி இருக்கிறது. ரொம்ப நேரம் பார்த்தேன். கழுத்து வலித்தது.

கமுதிச் சந்தையில் மிளகாய் வற்றல் மூட்டை அவிழ்ந்தால் தெருவே தும்முமே, அப்படி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எங்கள் அய்யா மிளகாய் போட்டவர், எத்தனை தரம் பார்த்தது. வ. சிரித்து, நல்லா இருக்கே, நான் எழுதிக்கொள்ளட்டுமா என்றாள். மிளகாய் மூட்டையும் அவளுக்கு.

அப்புறம் அவளே யோசனையாகச் சொன்னது: இவ்வளவு கெட்டியாக விட்டால் எல்லா எலிக்கும் மூட்டை அவிழ்கிறது. அதில் அதிசயம் இல்லை. மனுஷரில் ஒருவருக்கு மட்டும் ஒரு நூல் பட்டதும் எல்லா மூட்டையும் அவிழ்கிறதே, அவருக்கு மட்டும் யார் கயிற்றைத் தளர்த்தி வைத்தது? முதல்ல அது தெரியணும் என்றாள்.

பதில் எங்கே தேட வேண்டும் என்று எனக்குத் தெரியும். எழுந்து வந்துவிட்டேன், சோறு வடிக்க வேண்டும் என்று.

15 பிப்ரவரி, ஞாயிறு.

தலைவலி. பெட்டியைத் திறந்தேன். மூடினேன். நெத்திலிக் கருவாடு.

16 பிப்ரவரி, திங்கள்.

விடிந்ததும் வ. பிரசவம் ஒன்றுக்காக அக்காள்மடம் போய்விட்டாள். இருளப்பனும் நானும் மட்டும்.

பதினொரு மணி இருக்கும். நாலு பேர் தூக்கி வந்தார்கள். சீனி முகமது.

மேலே வரும்போது தோளில் சொறி உரசியதாம். படகில் ஏறி உட்கார்ந்தவன் அரிக்கிறது என்றிருக்கிறான், பிறகு மூச்சு முட்டுகிறது என்றிருக்கிறான், அப்புறம் பேச்சு இல்லை. கரை வந்து சேர அரை மணி. உதடு தடித்து வெளியே தள்ளி, கண் இரண்டும் மூடி, நெஞ்சிலும் முதுகிலும் வெள்ளை வெள்ளையாகத் தடிப்பு. மூச்சு விசில் அடிக்கிறது. நாடி கிடைக்கவில்லை. கழுத்தில் கை வைத்துத்தான் பிடித்தேன்.

அட்ரினலின் அரை சி.சி. காலைத் தூக்கி வைக்கச் சொன்னேன். என் கை நடுங்கவில்லை. அதை எழுதி வைக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் மறுபடி அரை சி.சி. விசில் சத்தம் முதலில் கூடியது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பன்னிரண்டு மணிக்கு நாடி விரலில் தட்டியது. கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான்.

அவன் மனைவி ஆமினா கீழக்கரையிலிருந்து அவனோடு வந்து இங்கே கொட்டகையில் தங்கியிருக்கிறாள். ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அல்லா உங்களுக்கு நீண்ட ஆயுசு தரணும் என்றாள். வாசலில் ஒருவர் சொன்னது: எம்.பி.பி.எஸ். என்ன எம்.பி.பி.எஸ்., நம்ம அம்மா கை போதும்.

ஒரு வாரமாக இதைக் கேட்கத்தான் காத்திருந்தேன். கேட்டதும் கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

இரண்டு மணிக்கு வ. வந்தாள். என்னைக் கட்டிப் பிடித்து, அக்கா, நல்ல வேளை நீங்க இருந்தீங்க என்றாள். பிறகு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவனிடம் மெதுவாகக் கேட்டாள், முன்னால் இப்படி வந்திருக்கிறதா என்று.

"போன வருசம் வந்துச்சும்மா. இங்கனதான், இதே கட்டில்ல. அம்மா எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சாங்களே."

வ. திரும்பி என்னைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. அறைக்கு வெளியே வந்து, "ஏன் அக்கா?" என்றாள். அவ்வளவுதான்.

மறந்துபோச்சு என்றேன். இரண்டாவது பொய்.

17 பிப்ரவரி, செவ்வாய்.

விடிந்ததும் நோட்டை எடுத்துப் போய் அவள் மேஜையில் வைத்தேன். உள்பாவாடை வாசனை அதில்.

நோயாளிகளை நான் பார்த்தேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்கப் படித்தாள். சாப்பாடு அப்படியே இருந்தது.

நாலு மணிக்கு வந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. ஒரு தாளில் ஏழு பெயர் எழுதியிருந்தாள், மோசமாக வந்தவர்கள் எல்லாம். இந்த ஏழு பேரும் இரண்டு தடவைக்கும் நடுவில் மாசக்கணக்கில் கடலுக்குப் போகாதவர்கள், கவனித்தீர்களா என்றாள். ஒருவன் கொழும்பில் கடை வேலைக்குப் போனவன், ஒருவனுக்குக் கால் முறிந்தது, மற்றவர்கள் குளிப்புக் காலம் முடிந்து ஊர் போய்த் திரும்பியவர்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சம் சொறி உரசிக்கொண்டே இருக்கிற வலைக்காரர்களுக்கு ஒரு தடவைகூட வரவில்லை.

எல்லாம் என் கையெழுத்து. கொழும்பு, கால் முறிவு, எல்லாம் நானே எழுதியது. பதினோரு வருஷம் என் கண்ணில் படவில்லை. அவளுக்கு ஒரே பகல்.

தினமும் படுகிறவர்களுக்கு மூட்டை அப்போதைக்கப்போது காலியாகிவிடுகிறதா, இல்லை ரத்தத்தில் வேறு ஏதோ குறுக்கே நின்று தடுக்கிறதா? தெரியாது என்றாள். தெரியாது என்பதைக்கூட எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள். எனக்கு அது வராது.

அட்ரினலின் பற்றிக் கேட்டேன். மூட்டை வாயை அது கட்டுகிறதா என்று இன்னும் தெரியவில்லையாம். சிதறின பொடி செய்த வேலைக்கு எதிர் வேலை செய்கிறது. தளர்ந்த குழாயை இறுக்கும், இறுகிப்போன மூச்சுக் குழாயைத் திறக்கும். இத்தனை வருஷமாகப் போடுகிற ஊசி.

19 பிப்ரவரி, வியாழன்.

சீனி முகமதுக்கு வீக்கம் வடிந்துவிட்டது. நாளை கொட்டகைக்குப் போகலாம். ஆமினா மீன் ஆணம், குழம்புதான், கொண்டு வந்தாள், எனக்கும் சேர்த்து. வாங்கி மூடி வைத்தேன்.

அவள் பாத்திரம் கழுவப் போன நேரத்தில் அவனிடம் கேட்டேன். டாக்டரம்மா கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று.

"சொல்லத்தான் நெனச்சேன்மா. ஒங்களப் பாத்தேன். நீங்க செவத்தப் பாத்தீங்க. சரி, அம்மாவே விட்டுட்டாங்க, இந்த வருசம் ஒண்ணும் ஆகாது போலன்னு எறங்கிட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு நடந்ததை விளக்குகிற மாதிரி சொன்னான்.

நான் வேண்டுமென்றேதான் சுவரைப் பார்த்தேன், அது என் தப்பு என்றேன். ஏன் என்று கேட்டான். புது டாக்டர் மேல் பொறாமை என்று சொன்னேன். முதல் தடவையாக ஒருத்தரிடம் வாய்விட்டு. அவன் என்னைப் பார்க்கவில்லை. ஆமினாவிடம் சொல்லாதீங்க, அவ தாங்க மாட்டா என்றான். அப்புறம் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மன்னித்தானா தெரியாது. கேட்க எனக்கு உரிமை இல்லை.

21 பிப்ரவரி, சனி.

மேகமூட்டம். கொஞ்சம் தூறல், நின்றுவிட்டது.

வ. சொன்ன சோதனை. சீனி முகமதின் ரத்தத்தில்தான் அந்தக் கயிறு தளர்த்துகிற சங்கதி இருக்கிறது என்றால், அதில் ஒரு சொட்டை வேறொருவர் தோலுக்குள் வைத்தால் அந்த இடம் மட்டும் அவனைப் போல ஆகிவிட வேண்டும். வெளிநாட்டில் மீனை வைத்துச் செய்து பார்த்திருக்கிறார்களாம், ரொம்ப வருஷம் முன்பே. யார் தோல்? சொறி படாத ஆள் வேண்டும். அவளுக்குக் கணுக்காலில் பட்டுவிட்டது. இருளப்பன் பாம்பனில் பிறந்தவர்.

என் கை என்றேன். வ. யோசித்தாள், ஆபத்து இல்லாமல் இல்லை என்றாள். கடலில் கால் வைக்காத ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான், வேறு யாரும் இல்லை என்றேன். அவள் கையில் நடக்காமல் என் கையில் நடக்கிறதே என்று ஒரு சந்தோஷம். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

சீனி முகமதிடம் கேட்டு ரத்தம் எடுத்தோம். எடுத்துக்கங்க, நல்லதுக்குத்தானே என்றான், வ.வைப் பார்த்து. தெளிந்த நீரை மட்டும் பிரித்து என் இடது முழங்கைக்குக் கீழே ஒரு சொட்டு. நாலு விரல் தள்ளி இருளப்பனின் ரத்த நீர் ஒரு சொட்டு, ஒப்பிட்டுப் பார்க்க. மையால் இரண்டு வட்டம். தண்ணீர் படக் கூடாது. இடது கை வேலைக்கு ஆகாது, சாதம் குழைந்துவிட்டது.

22 பிப்ரவரி, ஞாயிறு.

ஒன்பது மணி. அட்ரினலின் ஊசியில் ஏற்றித் தயாராக வைத்துவிட்டு, நீர்க்க நீர்க்கக் கலந்த சொறித் தண்ணீரை இரண்டு வட்டத்திலும் வைத்தாள் வ. கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

ஐந்து நிமிஷம், ஒன்றும் இல்லை. எட்டு நிமிஷத்தில் முதல் வட்டத்தில் அரிப்பு. சொல்ல முடியாத அரிப்பு. பதினைந்தில் தடிப்பு எழும்பிற்று, கொசு கடித்தது போல, பிறகு அதைவிடப் பெரிதாக, சுற்றிலும் சிவப்பு. இருளப்பன் வட்டம் வெறும் தோல்.

ஒரு சொட்டுதான். ஒரு பகல், ஓர் இரவு. அதற்குள் என் கையில் ஒரு காலணா அளவு இடம் சீனி முகமதாக மாறிவிட்டது. பதினோரு வருஷம் நான் பக்கத்தில் நின்று எழுதினேன், இப்போதுதான் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று தெரிகிறது, காலணா அளவுக்கு.

வ.வும் நானும் ஒரே நேரத்தில் அளவுகோலை எடுக்கக் கை நீட்டினோம். அவள் விட்டுக்கொடுத்தாள். அவளுக்கு எல்லாம் விட்டுக்கொடுக்க வருகிறது.

மதியத்துக்குள் வடிந்தது. சொறியவில்லை.

24 பிப்ரவரி, செவ்வாய்.

சீனி முகமது இனி குளிக்க மாட்டான். படகில் கயிறு பிடிக்கிற வேலை, மற்றவன் அடியில் போகும்போது மேலே நிற்க வேண்டும். சங்கு எடுக்கிறவனுக்கு உள்ள மதிப்பு அதற்கு இல்லை. அதைச் சொல்ல இருவரும் வந்தார்கள். போகும்போது ஆமினா என்னிடம் மட்டும் வந்து சொல்லிக்கொண்டு போனாள், வாரேம்மா என்று. அவன் வ.வுக்குக் கும்பிடு போட்டான். எனக்குத் தலையை ஆட்டினான்.

26 பிப்ரவரி, வியாழன்.

தகுதி என்று சீட்டு வாங்கினவன் சாகக் கிடந்ததால் ராமநாதபுரத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். வ. இங்கிலீஷில் எழுதிப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லி என் மேஜையில் வைத்துவிட்டு அக்காள்மடம் போயிருக்கிறாள். மெட்ராஸுக்கு அனுப்பும் கட்டுரையின் நகலும் கூட இருந்தது.

கட்டுரையை முதலில் பிரித்தேன், பெயர் பார்க்க. என் பெயர் முதலில். அவள் பெயர் இரண்டாவது. நோட்டு பதினோரு வருஷ உழைப்பு என்று ஒரு வரி. மிளகாய் மூட்டைகூட என் பெயரில்தான் இருக்கிறது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பத்து நிமிஷம் பட்டேன்.

பிறகு அறிக்கை. நாலாவது பத்தி. இந்த ஆளுக்கு முன்பே இப்படி வந்திருப்பதைச் சோதித்த டாக்டர் விசாரித்து அறியத் தவறிவிட்டார், பொறுப்பு தன்னுடையது என்று எழுதி இருக்கிறாள். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டால் முடிந்தது. என் வேலை நிற்கும், பெயர் நிற்கும், அச்சிலும் வரும்.

வேலை போகலாம் என்பதும் தெரியும். பட்டம் இல்லாதவளை அனுப்புவது சுலபம்.

அரை மணி உட்கார்ந்திருந்தேன். அவள் மனசு பெரிது. அதில்தான் கொதிக்கிறது. மருந்தகத்தை எடுத்துக்கொண்டாள், என் நோட்டில் நான் காணாததைப் படித்துக் காட்டினாள், இப்போது என் தப்பையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாள். அது என்னுடையது. அதைத் தர மாட்டேன்.

நாலாவது பத்தியை அடித்துவிட்டேன். ஓரத்தில் என் கோணல் எழுத்தில்: சோதித்த டாக்டர் கேட்டார். விவரம் எழுத்தில் என்னிடம் இருந்தது. தெரிந்தே மறைத்தேன். கையெழுத்து, சிவகாமி, எல்.எம்.பி.

உறையை ஒட்டி இருளப்பனிடம் கொடுத்துத் தபால் பை கட்டுமுன் சேர்க்கச் சொன்னேன். போய்விட்டார்.

வ. வந்துவிட்டாள். வாசலில் கால் கழுவும் சத்தம்.